தோகோன் மொழிகளை வகைப்படுத்துவது எப்படி: பெயர்ப் பதிவேட்டிலிருந்து கிளைப்படம் வரை

மாலி நாட்டின் நடுப்பகுதியில், பாண்டியாகரா பாறைச்சரிவின் மேலும் கீழும் பேசப்படும் சுமார் இருபது மொழிகளைச் சேர்த்துத் தோகோன் என்கிறார்கள். குழு சிறியது, தரவு ஓரளவு பொதுவெளியில் கிடைக்கிறது, ஏமாற்றும் இடங்களும் நிறைய. வகைப்படுத்தக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான குழு ஆப்பிரிக்காவில் அதிகம் இல்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய படியிலிருந்து தொடங்குகிறார்கள். "இது நைஜர்-காங்கோ குடும்பமா, இல்லையா?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. (நைஜர்-காங்கோ என்பது ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய மொழிக்குடும்பம்.) அந்தக் கேள்வி இந்த வழிகாட்டியில் பதின்மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய படிகளில் எதைத் தாண்டினாலும் அங்கே கிடைக்கும் விடைக்கு மதிப்பு இல்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தோகோன் சொற்பட்டியல்கள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கம்பக்கத்து மொழிகளின் அகராதிகளை எடுத்து வைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். ஃபுல்ஃபுல்டே, பம்பாரா, சோங்காய் மூன்றுக்கும் அகராதி இல்லாமல் உட்காராதீர்கள். தோகோன் மொழிகளுக்குள் வந்து சேர்ந்த கடன்சொற்களில் பெரும்பகுதி இந்த மூன்றின் வழியாகத்தான் வந்தது.

சொற்பட்டியலை வாசிக்கும் அளவுக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டும். பழைய பதிவுகளில் பொருள் விளக்கம் பிரெஞ்சில்தான் இருக்கும். பன்னாட்டு ஒலியியல் எழுத்தைத் தடுமாறாமல் எழுதவும் படிக்கவும் பழகியிருக்க வேண்டும். இந்த வேலையைத் தமிழ் எழுத்தில் செய்ய முடியாது. தொனியும் (சொற்களை வேறுபடுத்தும் குரல் ஏற்ற இறக்கம்) மூக்குயிரும் (மூக்கு வழியாக ஒலிக்கும் உயிர்) அதில் தொலைந்துவிடும். இந்தக் கட்டுரையில் வரும் தமிழ் வடிவங்கள் வாசிக்க மட்டுமே, உங்கள் அட்டவணைக்கு அல்ல.

களப்பணி பற்றி ஒரு வார்த்தை. 2012க்குப் பிறகு, தோகோன் ஊர்கள் அடங்கிய மோப்தி வட்டாரம் பாதுகாப்பாக இல்லை. இன்று புதியவர் ஒருவர் செய்யக்கூடியது ஆவணக்காப்பகத் தரவை வைத்து வேலை செய்வது, அல்லது தலைநகர் பமாகோ போன்ற இடங்களுக்கு வந்து வாழும் பேச்சாளர்களுடன் அமர்வது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹீத்தும் அவருடைய குழுவினரும் சேர்த்த இலக்கணங்களும் சொற்தொகுப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கேயே தொடங்கலாம்.

2. மூன்று கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

வகைப்படுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. எந்த ஊர்ப் பேச்சுகள் ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்பது முதல் வேலை. அந்த மொழிகள் தமக்குள் எப்படிக் கிளை பிரிந்தன என்பது இரண்டாவது. முழுக் குழுவுக்கும் வெளியே உறவு உண்டா என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் வெவ்வேறு சான்று வேண்டும். முதலாவதற்குப் பேசுபவர்களிடையே உள்ள புரிதல், இரண்டாவதற்குப் பொதுவான புதுமைகள் (சேர்ந்து புதிதாகச் செய்த மாற்றங்கள்), மூன்றாவதற்கு மீட்டமைத்த மூலவடிவங்கள் (இன்றைய சொற்களை ஒப்பிட்டு ஊகித்தறியும் பழைய தாய்வடிவங்கள்). ஒன்றின் சான்றை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம். "60% சொற்கள் ஒத்திருக்கின்றன, ஆகவே இவை ஒரே கிளை" என்று எழுதி வருவார்கள். சதவீதம் கிளையைக் காட்டாது. ஏன் என்று பதினொன்றாம் படியில் பார்ப்போம்.

3. பெயர்ப் பதிவேடு போடுங்கள்

சொல் ஒன்றைக்கூட ஒப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. சலிப்பூட்டும். ஆனால் தோகோனில் பெயர்கள் செய்யும் கூத்து கொஞ்சநஞ்சம் அல்ல.

தொம்மோ ஸோ, தோமோ கான் என்று இரண்டு பெயர்கள். பார்த்தால் ஒன்றின் எழுத்துப்பிழை இன்னொன்று போல இருக்கும். இரண்டும் தனித்தனி மொழிகள். முன்னது மேட்டுநிலத்தில், பின்னது தெற்கே. தோரோ ஸோ, தோரோ தேகு என்று இன்னொரு ஜோடி. இரண்டுக்கும் "மலைப் பேச்சு" என்றுதான் பொருள், ஆனால் அந்த மலைகள் வேறு வேறு. தோரோ ஸோ பாறைச்சரிவில், சங்கா போன்ற ஊர்களில் பேசப்படுவது. தோரோ தேகு வடகிழக்கே, போனி ஊரை ஒட்டிய குன்றுகளில் இருப்பது.

பெயரின் பின்பாதியை வைத்துக் கிளை பிரிக்க நினைப்பவர்களும் உண்டு. ஸோ, தேகு, தேய், தோம், கான் எல்லாமே "பேச்சு" என்ற பொருளில் வரும் சொற்கள்தான். இவற்றில் "கான்" பம்பாராவிலும் மொழிக்கு வழங்கும் சொல். ஆகவே பெயர் "கான்" என்று முடிவதாலேயே தோமோ கானும் தோகோ கானும் நெருங்கிய உறவு என்று சொல்லிவிட முடியாது. ஜாம்சாய் இன்னும் வேடிக்கை. அது ஒரு வணக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், அதில் உள்ள "ஜாம்" ஃபுல்ஃபுல்டே சொல்.

பழைய நூல்களில் வேற்றாரிட்ட பெயர்கள் வரும். ஃபுல்ஃபுல்டே பேசும் ஃபுலானி மக்கள் தோகோன் மக்களை "ஹாபே" என்று அழைத்ததால், குடியேற்றக் காலப் பதிவுகள் பலவற்றில் அதுவே தலைப்பு. அந்தப் பெயரின் கீழ் உள்ள பட்டியல் எந்த மொழியுடையது என்பது ஊர்ப்பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஆறு கட்டங்கள் வையுங்கள்: மூலத்தில் உள்ள பெயர், பேசுபவர் தாமே சொல்லும் பெயர், அயலார் சொல்லும் பெயர், ஊர், பதிவு செய்தவர், ஆண்டு. கிளாட்டோலாக் (உலக மொழிகளின் இணையப் பட்டியல்) தரும் குறியீடு இருந்தால் ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் அட்டவணையில் மொழிப்பெயரை மட்டும் எழுதுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். மொழி, ஊர், பதிவர் மூன்றும் சேர்ந்துதான் ஓர் அலகு.

இரண்டு பெயர்களை இங்கேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும். சிகி ஸோ என்பது சடங்குக்கு உரிய மறைமொழி, யாருக்கும் தாய்மொழி அல்ல. தெபுல் என்ற பெயரில் ஒரு பேச்சு மொழியும் ஒரு கிராமச் சைகை மொழியும் இருக்கின்றன. சைகை மொழிக்கு இந்தக் கிளைப்படத்தில் இடமே கிடையாது.

4. ஊர்களை வரைபடத்தில் குறியுங்கள்

மேட்டுநிலம், பாறைச்சரிவு, சமவெளி என்று மூன்று நிறங்கள் போதும். பாண்டியாகரா, பங்காஸ், கோரோ, துவென்ட்ஸா ஊர்களை அடையாளமாக வைத்துக்கொண்டு உங்கள் பதிவேட்டு ஊர்களை நிரப்புங்கள்.

காரணம், வரைபடம் இரண்டு விஷயங்களைப் பின்னால் காட்டிக் கொடுக்கும். பக்கத்தில் இருப்பதால் ஏற்பட்ட ஒற்றுமையைப் பிறப்பால் வந்த ஒற்றுமையிலிருந்து பிரிக்க உதவும். அடுத்தது, குடிபெயர்வு. சரிவில் இருந்த பலர் பிற்காலத்தில் சமவெளிக்கு இறங்கி, தாய் ஊரின் பேச்சோடு புதிய ஊர்களை உண்டாக்கியிருக்கிறார்கள். சமவெளியில் இருக்கிறது என்பதற்காக ஓர் ஊரைச் "சமவெளிக் கிளை"யில் போட்டுவிடாதீர்கள்.

5. சொற்பட்டியலைத் தேர்ந்தெடுங்கள்

மொழியியலாளர் மோரிஸ் ஸ்வதேஷ் தொகுத்த அடிப்படைச் சொற்களின் 100 சொல் பட்டியல் கையில் இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஒலி ஒப்புமைக்கு ஒவ்வோர் ஒலிக்கும் நாலைந்து எடுத்துக்காட்டாவது தேவை, 100 சொல்லில் அது கிடைக்காது. 200 சொல் பட்டியலில் பனிக்கட்டியும் உறைபனியும் வேறு வருகின்றன. சஹாராவுக்குத் தெற்கே உள்ள இந்தச் சாஹேல் வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு வரும் பதில் பிரெஞ்சுச் சொல்லாகவோ சுற்றிவளைத்த விளக்கமாகவோதான் இருக்கும்.

சிறு மொழிகளை ஆராயும் எஸ்ஐஎல் நிறுவனத்தின் கீத் ஸ்னைடரும் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் ஆப்பிரிக்காவுக்கென்றே தொகுத்த 1700 சொல் பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து நானூறு ஐந்நூறு சொற்களைப் பொறுக்கிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். உடலுறுப்பு, இயற்கை, அடிப்படை வினை, எண், சிறுதானியம், வீட்டு விலங்கு என்று துறைவாரியாகக் குறியுங்கள். இந்தத் துறைக் குறி எட்டாம் படியில் கடன்சொல் தேடும்போது தேவைப்படும். அப்போது உட்கார்ந்து குறிப்பது இரட்டை வேலை.

6. சொல்லை எந்த வடிவில் வாங்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்

தரவு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கெட்டது கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோகோன் மொழிகளில் மேல், கீழ் என இரு தொனிகள். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் அடைமொழியோ சுட்டுச்சொல்லோ வந்தால் பெயர்ச்சொல் தன் சொந்தத் தொனியை இழந்து முழுவதும் கீழ்த்தொனி ஆகிவிடுவது இந்தக் குடும்பத்தில் பரவலாக உள்ள வழக்கம். "இந்த மரம்", "பெரிய மரம்" என்று கேட்டு வாங்கிய சொல்லில் மரத்தின் தொனி இல்லை, இலக்கணத்தின் தொனிதான் இருக்கிறது. பொருளைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டாலும் பேசுபவர் சுட்டோடு சேர்த்துச் சொல்லிவிடக்கூடும். ஆகவே தனிச்சொல்லாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் ஒரு வாக்கியத்தில் வைத்து இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். இரண்டும் தேவை.

உறவுப்பெயர்களில் இன்னொரு சிக்கல். "அப்பா" என்று கேட்டால் "என் அப்பா" என்றுதான் பதில் வரும். உடைமையாளர் இல்லாத உறவுப்பெயர் அங்கே இயல்பாக வராது. "என் அப்பா", "உன் அப்பா", "அவன் அப்பா" மூன்றையும் வாங்குங்கள். பொதுவாக நிற்கும் பகுதிதான் சொல். ஒன்றை மட்டும் வாங்கினால் "என்" என்பதும் சேர்ந்து ஒப்பீட்டு அட்டவணைக்குள் நுழைந்துவிடும்.

வினைச்சொல்லுக்குப் பிரெஞ்சு எச்சவடிவைச் சொல்லிக் கேட்டால், ஒருவர் ஏவல் வடிவம் தருவார், இன்னொருவர் இறந்தகாலம் தருவார். தோகோன் வினைகள் விகுதிகள் ஏற்பவை. அடி எது, விகுதி எது என்று தெரியாமல் இரண்டு மொழிகளை ஒப்பிட்டால் விகுதிகளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். எல்லா மொழியிலும் ஒரே இரண்டு வடிவங்களை வாங்குவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அடுத்த வினையோடு கோத்துச் சொல்லும்போது வரும் வடிவம். மற்றது, முற்றுப்பெற்ற செயலைச் சொல்லும் வடிவம்.

ஒலிப்பதிவு கோப்பு சுருக்கப்படாத வேவ் வடிவில் இருக்கட்டும். கைப்பேசி செயலிகள் சுருக்கிச் சேமிக்கும் கோப்புகளில் தொனி பிழைத்துக்கொள்ளும், ஆனால் சொல்லிறுதி மூக்கொலி மங்கிவிடலாம்.

7. பழைய பட்டியல்களை ஒரே எழுத்துமுறைக்குக் கொண்டுவாருங்கள்

உங்களிடம் இருப்பதில் பாதி மற்றவர்கள் எழுதியதாக இருக்கும். 1950களில் ஜெனவியேவ் கலாம்-கிரியோல் சேர்த்த வட்டார வழக்குத் தரவு ஒரு முறையில், 2000களின் எஸ்ஐஎல் கணக்கெடுப்பு இன்னொரு முறையில், ஹீத் குழுவின் பதிவுகள் மூன்றாவது முறையில் எழுதப்பட்டவை.

மூன்று இடங்களை எப்போதும் சோதியுங்கள். முதலாவது உயிர்கள்: தோகோன் மொழிகளில் பொதுவாக ஏழு உயிர்த் தரங்கள் உண்டு. எகரத்திலும் ஒகரத்திலும் மூடியது, திறந்தது என்று இரண்டிரண்டு. கவனக்குறைவான பதிவில் இவை ஒன்றாகிவிடும். இரண்டாவது மூக்கொலி: ஜாம்சாயில் ரகர, வகர, யகரங்களுக்கே மூக்கொலி வடிவம் உண்டு. அதை ஒருவர் "ந்" என்றும் இன்னொருவர் உயிரின் மேல் குறியிட்டும் எழுதியிருப்பார். மூன்றாவது தொனி: குறிக்கப்படவே இல்லை என்றால் "குறிப்பில்லை" என்று எழுதுங்கள். கீழ்த்தொனி என்று எண்ணி நிரப்பாதீர்கள்.

மூல எழுத்துக்கூட்டை ஒருபோதும் அழிக்கக் கூடாது. மூலத்தில் உள்ளபடி ஒரு நெடுவரிசை, நீங்கள் மாற்றிய வடிவம் அடுத்த நெடுவரிசை. மாற்றும் விதி தவறு என்று பின்னால் தெரிந்தால் திரும்பிப்போக அந்த ஒன்றுதான் வழி.

8. கடன்சொற்களை வடிகட்டுங்கள்

இப்போதுதான் அயல்மொழி அகராதிகள் வேலைக்கு வருகின்றன. தொழுகை, சந்தை, வாரநாள், எழுத்து, ஆட்சி சார்ந்த சொற்களை முதலில் பாருங்கள். அரபு மூலம் கொண்டவை பல உண்டு. அவை நேராக வராமல் ஃபுல்ஃபுல்டே, சோங்காய், பம்பாரா வழியாக வந்தவை. கால்நடை வளர்ப்புச் சொற்களில் ஃபுலானி மக்களின் தாக்கத்தை எதிர்பார்க்கலாம். பங்காஸ் பக்கத்துப் பேச்சையும் ஹொம்போரி பக்கத்துப் பேச்சையும் ஒரே சல்லடையில் போடாதீர்கள். ஹொம்போரி இருக்கும் கிழக்குப் பக்கம் சோங்காய் அழுத்தம் அதிகம்.

அயல்மொழிக் கடன் எளிதில் பிடிபடும். கடினமானது தோகோன் மொழிகள் தமக்குள் வாங்கிக்கொண்டவை. நங்கா, பங்கான் தேய், பென் தேய் போன்ற சிறு மொழிகளைப் பேசுபவர்களுக்குப் பெரிய அண்டை மொழியான ஜாம்சாய் பழக்கம். அவர்களின் சொல்லும் ஜாம்சாய்ச் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள். அந்த மொழியின் மற்ற சொற்களில் தெரியும் ஒலிமாற்றம் இந்தச் சொல்லில் மட்டும் இல்லாமல் இருந்தால், அது இரவல்.

கடன் என்று தெரிந்ததை நீக்கிவிடாதீர்கள். எந்த மொழியிலிருந்து வந்தது, எவ்வளவு உறுதி என்று குறியிட்டு அட்டவணையிலேயே வையுங்கள். நீக்கினால் அடுத்து வருபவர் அதையே மறுபடி உறவுச்சொல்லாக (ஒரே மூலத்திலிருந்து வந்த சொல்லாக) சேர்த்துவிடுவார்.

9. ஒலி ஒப்புமைகளை எழுதுங்கள்

ஒரே மாதிரி ஒலிப்பதைத் தேடுவது இந்தப் படியின் நோக்கம் அல்ல. மாறி ஒலித்தாலும் ஒரே ஒழுங்கில் மாறுவதைத்தான் தேடுகிறோம். தமிழில் செவி, செய் என்று சகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் கிவி, கெய் என்று ககரம் வருகிறதே, அது போன்ற ஒழுங்கு.

தோகோனில் தொடங்க எளிய இடம்: "ஆறு" என்ற எண்ணுக்கு ஜாம்சாயில் குரொய், தொம்மோ ஸோவில் குலொய். "பத்து" என்பதற்கு முன்னதில் பெரு, பின்னதில் பெல். இடையில் வரும் ரகரத்துக்கு எதிரே லகரம். இரண்டு எடுத்துக்காட்டு ஓர் ஊகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. அதிலும் இரண்டுமே எண்கள். வரிசையாகச் சொல்லிப் பழகுவதால் எண்கள் ஒன்றின் ஓசையை மற்றொன்றுக்குத் தொற்றவைக்கும். உடலுறுப்பிலும் வினையிலும் அதே ஒழுங்கு கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

ஒவ்வோர் ஒப்புமைக்கும் ஒரு தனித்தாள் வையுங்கள். மேலே விதி, கீழே ஆதரவான சொற்கள், அதற்கும் கீழே எதிரான சொற்கள். எதிர்ச்சொற்களை மறைக்கும் ஆசை வரும். அவைதான் உங்கள் கருவூலம். கடன்சொல்லும் இன்னும் கண்டுபிடிக்காத துணைவிதியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

உயிர்களை ஒப்பிடும்போது உயிரிசைவை மறக்காதீர்கள். ஒரு சொல்லுக்குள் திறந்த எகரமும் மூடிய ஒகரமும் சேர்ந்து வருவதை இந்த மொழிகள் பொதுவாகத் தவிர்க்கின்றன. அப்படி ஒரு சொல் பட்டியலில் இருந்தால் அது கூட்டுச்சொல்லாகவோ கடன்சொல்லாகவோ பதிவுப் பிழையாகவோ இருக்கும்.

10. விலகி நிற்கும் மொழியைத் தனியே சோதியுங்கள்: பாங்கிமே

மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பில் சில ஊர்களில் பாங்காந்தே மக்கள் வாழ்கிறார்கள். தங்களைத் தோகோன் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பேசும் பாங்கிமே நீண்ட காலம் தோகோன் பட்டியலிலேயே இருந்தது. ரோஜர் பிளெஞ்சும் பின்னர் ஆபி ஹான்ட்கனும் ஆராய்ந்த பிறகு, இன்று அது தோகோனோடு சேராத, வேறு எந்தக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழியாகவே கருதப்படுகிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை எளிது. ஒவ்வொரு மொழிக்கும் "இது குழுவில் இருக்கிறது என்பதற்கு என்ன சான்று?" என்று கேளுங்கள். மக்கள் சொல்லும் அடையாளம் மதிக்கத்தக்கது, ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. பாங்கிமேயிலும் தோகோனிலும் ஒத்த சொற்கள் இருக்கின்றன. அவை அண்டை வீட்டாரிடம் வாங்கத்தக்க துறைகளில் குவிந்திருக்கின்றனவா, அடிப்படைச் சொற்களிலும் பரவியிருக்கின்றனவா என்று துறைக் குறியை வைத்துப் பாருங்கள். அடுத்து உருபனியலை (சொற்கள் விகுதிகளால் கட்டப்படும் விதத்தை) பாருங்கள். தோகோன் வினைகளில் விகுதி அடுக்கு இருக்கிறது. பாங்கிமேயில் ஒட்டுகள் மிகக் குறைவு. பொதுவான விகுதி ஒன்றுகூட அகப்படாத மொழியைச் சொற்களை மட்டும் நம்பிச் சேர்க்கக் கூடாது.

வட்டார வழக்குக் கேள்விக்குப் போவதற்கு முன் இந்தச் சோதனையை வைப்பதற்குக் காரணம் உண்டு. குழுவில் சேராத ஒன்றை உள்ளே வைத்துக் கிளை பிரித்தால், மற்ற எல்லாம் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகத் தெரியும். உள்ளே உள்ள உண்மையான பிளவுகள் மறைந்துவிடும்.

11. வட்டார வழக்கா, தனி மொழியா, எந்தக் கிளை

முதலில் புரிதல் சோதனை. ஓர் ஊர்க்காரர் சொன்ன இரண்டு மூன்று நிமிடக் கதையைப் பதிவு செய்து, இன்னோர் ஊரில் ஒலிக்கவிட்டு, கேட்பவரின் பேச்சிலேயே பத்துக் கேள்வி கேட்பது வழக்கமான முறை. அதற்கு முன் அதே கதையை அது பிறந்த ஊரிலேயே சோதியுங்கள். சொந்த ஊர்க்காரரே தடுமாறினால் கேள்வி சரியில்லை.

கேட்பவர் யார் என்பதில் கவனம் வேண்டும். புனோகே கிட்டத்தட்ட ஒரே ஊரின் மொழி. அந்த ஊர்ப் பெரியவர் அண்டை மொழியில் பத்துக்குப் பத்து வாங்கினால், அவர் அதைக் கற்றிருக்கிறார் என்று பொருள். மொழிகள் நெருக்கம் என்று பொருள் அல்ல. ஊரைவிட்டு அதிகம் போகாதவர்களை உட்கார வையுங்கள். இரு திசையிலும் சோதியுங்கள். சிறு மொழிக்காரர் பெரிய மொழிக்காரரைப் புரிந்துகொண்டு, பெரிய மொழிக்காரர் சிறு மொழிக்காரரைப் புரிந்துகொள்ளாவிட்டால் அது பழக்கத்தால் வந்த புரிதல்.

ஆவணத்தை மட்டும் வைத்து வேலை செய்பவர்களுக்குச் சொல்லொற்றுமைச் சதவீதம்தான் கிடைக்கும். எஸ்ஐஎல் கணக்கெடுப்புகளில் 70% வாசலாக வைக்கப்படுவது வழக்கம். அதற்குக் கீழே போனால் தனி மொழி என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே என்றால் "ஒரே மொழி" என்று ஆகிவிடாது, "புரிதல் சோதனை தேவை" என்றுதான் பொருள். இந்தப் பின்பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சரி, கிளை. இங்கே சதவீதத்தை மூடி வைத்துவிடுங்கள். இரண்டு மொழிகள் ஒத்திருப்பதற்குக் காரணம் இருவரும் பழையதை அப்படியே காப்பாற்றியதாக இருக்கலாம். அது நெருங்கிய உறவைக் காட்டாது. இருவரும் சேர்ந்து புதிதாக மாற்றிய ஒன்றுதான் கிளையைக் காட்டும்.

நல்ல எடுத்துக்காட்டு பெயர்ச்சொல் வகுப்பு (பெயர்ச்சொற்களை ஈறு வாரியாகத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறை). பெரும்பாலான தோகோன் மொழிகளில் மனிதரைக் குறிக்கும் பன்மை விகுதி தவிர அதிகம் மிஞ்சவில்லை. வடக்கே உள்ள நஜம்பாவில் பெயர்ச்சொல் ஈறுகள் வகுப்பு வாரியாக மாறுகின்றன. இப்படி ஈறு மாறும் மொழிகளை எல்லாம் ஒரே கிளையில் போடத் தோன்றும். மூலத் தோகோனிலேயே வகுப்பு இருந்திருந்தால் இவை பழையதைக் காத்தவை, அவ்வளவுதான். வகுப்பை இழந்தவைகூட ஒரே கிளை ஆகிவிடாது. இழப்பு தனித்தனியாகவும் நடக்கும். ஒரே விகுதி ஒரே விதமாக உருமாறியிருப்பது, ஒரு சொல்லின் பொருள் எதிர்பாராத விதத்தில் ஒன்றுபோல நகர்ந்திருப்பது, இப்படித் தற்செயலாக இருமுறை நடக்க வாய்ப்பில்லாதவற்றைத் தேடுங்கள். அவை கொஞ்சமாகத்தான் அகப்படும். கொஞ்சம் போதும்.

மேற்கே உள்ள மோம்போ, அம்பாரி, புனோகே, பெனாங்கே, திரானிகே ஒரு பக்கமும், சரிவு சமவெளி மொழிகள் மறுபக்கமுமாகக் கிழக்கு மேற்குப் பிளவு ஒன்று அண்மை ஆய்வுகளில் அடிக்கடி வருகிறது. அதைத் தொடக்க ஊகமாக வைத்துக்கொண்டு உங்கள் புதுமைப் பட்டியல் அதைத் தாங்குகிறதா என்று பாருங்கள். சமவெளியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் கோடு போட முடியாத இடங்கள் வரும். அங்கே மரம் வரையாதீர்கள். சங்கிலி என்று எழுதிவிட்டு, எந்த மாற்றம் எந்த ஊர் வரை போகிறது என்று வரைபடத்தில் கோடிடுங்கள்.

12. கணினி

இவ்வளவு பின்னால் இதை வைப்பது வேண்டுமென்றே. லிங்பை மென்பொருள் உறவுச்சொற்களைத் தானே அடையாளம் காணும், ஸ்ப்ளிட்ஸ்ட்ரீ வலைப்படம் வரையும். சொற்களின் எழுத்துத் தொலைவைக் கணக்கிட்டுத் தோகோன் மொழிகளை ஒப்பிட்ட வேலையும் 2010களில் வந்திருக்கிறது. கையால் வடிகட்டிய தரவை இவற்றில் போட்டால் நீங்கள் கவனிக்காத முரண்களைக் காட்டும். வடிகட்டாததைப் போட்டாலும் அழகான படம்தான் வரும், அதுதான் ஆபத்து. கடன்சொற்களோடு ஒரு முறை, கடன்சொற்கள் இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம், தனிப்படம் எதையும்விட அதிகம் சொல்லும்.

13. வெளி உறவு

மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் தோகோனை மேற்கு ஆப்பிரிக்காவின் குர் மொழிகளோடு சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்து, நைஜர்-காங்கோவுக்குள் தனிக்கிளை ஆக்கினார்கள். குடும்பத்துக்குள் சேர்ப்பதற்கு வழக்கமாகக் காட்டப்படுவது எண்கள். மூன்றும் நான்கும் தோகோனில் தகரத்திலும் நகரத்திலும் தொடங்குகின்றன. நைஜர்-காங்கோவின் பெரிய கிளையான பாண்டு மொழிகளின் மூலவடிவங்களிலும் அப்படித்தான்.

ஒப்பிடும்போது ஒரு விதி: ஜாம்சாய்ச் சொல் ஒன்றை எடுத்து சுவாஹிலிச் சொல் ஒன்றோடு பொருத்தக் கூடாது. ஒன்பதாம் படியின் ஒப்புமைகளை வைத்து மீட்டமைத்த மூலத் தோகோன் வடிவத்தை, மறுபக்கத்தில் மீட்டமைத்த வடிவத்தோடுதான் வைக்க வேண்டும். இருபது மொழியில் ஏதோ ஒன்றில் அகப்படும் சொல்லை நூற்றுக்கணக்கான மொழிகளில் ஏதோ ஒன்றோடு பொருத்தினால், பொருந்தாமல் போவதுதான் அதிசயம்.

தமிழ் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு சபலம் உண்டு. தோகோன் பட்டியலைப் பார்த்ததும் தமிழ் போல ஒலிக்கும் சொற்களை வட்டமிடத் தொடங்குவார்கள். நான்கைக் குறிக்கும் தோகோன் சொல் "நாய்" என்பதற்கு அருகில் ஒலிக்கிறது, மூன்றைக் குறிப்பது "தான்" போல இருக்கிறது. பொருளைப் பாருங்கள், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பொருளும் பொருந்தும் சில சொற்கள் கிடைக்கலாம். ஓரசைச் சொற்கள் நிறைந்த எந்த இரண்டு மொழியிலும் கிடைக்கும். ஒன்பதாம் படியின் தனித்தாளை அதற்கும் போட்டுப் பாருங்கள், ஆதரவுப் பகுதி எவ்வளவு நிரம்புகிறது என்று.

14. முடிவை எழுதும் விதம்

கிளைப்படத்தின் ஒவ்வொரு கணுவிலும் அதைத் தாங்கும் புதுமையின் எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத கணுவைக் கலைத்துவிட்டு, அந்த மொழிகளைச் சமமாக ஒரே கோட்டில் தொங்கவிடுங்கள். படம் சீப்புப் போல அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

வட்டார வழக்கு என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அது புரிதல் சோதனையால் சொன்னதா, சதவீதத்தால் சொன்னதா என்று குறிப்பிடுங்கள். மாலியில் இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. 2023 அரசியலமைப்பில் ஆட்சி மொழிகளாக ஏற்கப்பட்ட 13 தேசிய மொழிகளில் தோகோனும் ஒன்று. எழுத்து வழக்குக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது தோரோ ஸோ. உங்கள் அட்டவணையில் "தோரோ ஸோவின் வழக்கு" என்று போட்ட ஊருக்குத் தனிப் பாடநூல் தேவையில்லை என்று யாரேனும் முடிவு செய்யக்கூடும்.

பேசியவர்களின் பெயரைத் தரவுக் கோப்பில் வைக்க வேண்டாம், குறியீடு போதும். இன்றைய நிலையில் சிற்றூரின் பெயரையும்கூட வெளியிடும் பதிப்பில் மறைக்க வேண்டியிருக்கலாம். பேசியவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மூல எழுத்துக்கூட்டு, மாற்றிய வடிவம், கடன் குறி, ஒப்புமைத் தாள்கள் நான்கையும் படத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள். தவறு இருந்தால் அடுத்தவர் முதல் படிக்குத் திரும்பாமல், தவறிய படியிலிருந்தே திருத்திக்கொள்ள முடியும்.